கடலில் இருப்பவனுக்குச் சொல்லாத சேதி

மன்னிப்பைக் கத்திக் கேட்க முடியுமா? கப்பல்காரன் மண்டைக்குள் ஒன்பது மாதமாக ஓடிக்கொண்டிருந்த கேள்வி இதுதான்.

தெருவில் அவனைக் கப்பல்காரன் என்பார்கள். கேட்கிறவர்களுக்கு ஏதோ கப்பலே அவனுடையது போலத் தோன்றும். அவன் இருந்ததோ கப்பலின் அடிவயிற்றில், எஞ்சின் அறையில், எண்ணெய்த் துணியும் கையுமாக. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாலு மாடி ஏற வேண்டும். ஏறினால் தூங்குகிற நேரம் போய்விடும். அதனால் பாதி உலகத்தைச் சுற்றியவன் உலகத்தில் பார்த்தது என்னவோ துறைமுகத்துக் கிரேன்களையும் இரண்டு மூன்று கடைத்தெருக்களையும்தான். வந்து இறங்கினால் "வெளிநாடெல்லாம் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்பார்கள். "சூடா இருக்கு" என்பான். அவன் நின்ற இடம் அப்படி.

அவன் அப்பாவுக்குக் காது கேட்காது. மரம் அறுக்கும் மில்லில் ரம்பத்துக்குப் பக்கத்திலேயே முப்பது வருஷம் நின்றவர். ரம்பம் மரத்தோடு சேர்த்து அவர் காதையும் அறுத்துவிட்டது. 'சாப்பிட்டீங்களா' என்று கேட்பதானால்கூடத் தெருமுனைக்குக் கேட்கும்படிதான் கேட்க வேண்டும். இந்தத் தடவை கப்பல்காரன் கிளம்பிய அன்று, பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தவன் பக்கத்தில் அவர் வந்து நின்றார்.

"போதும்டா. உன் காதும் போயிட்டே இருக்கு. நீ டிவி சத்தம் வைக்கிறதும் நான் வைக்கிறதும் இப்ப ஒண்ணாயிடுச்சு. இங்கேயே ஏதாவது வேலையைப் பாரு."

வாசலில் கார் காத்திருந்தது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்பா" என்று நாலு தடவை கத்தினான். அவர் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். ஐந்தாவது தடவை வாய் முந்திக்கொண்டது.

"உங்ககிட்ட பேசுறதும் செவிடன் காதுல சங்கு ஊதுறதும் ஒண்ணுதான்!"

பழமொழிதான், யார் சொல்லவில்லை? ஆனால் காது போன மனுஷனை நேருக்கு நேர் பார்த்து, பெற்ற பிள்ளை சொல்லலாமா? மற்ற நாலும் கேட்காதவருக்கு இது மட்டும் பளிச்சென்று கேட்டுத் தொலைத்தது. முகம் சுண்டிப் போய் உள்ளே போய்விட்டார். அவன் காரில் ஏறிவிட்டான். இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டிரைவர் ஹாரன் அடித்தான் என்று பின்னால் தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டான்.

அன்றிலிருந்து ஒரே எண்ணம். திரும்பிப் போனதும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தெருவுக்குத் தெரியாமல், தாழ்ந்த குரலில், 'தப்பா பேசிட்டேன்பா' என்று சொல்லிவிட வேண்டும். போனில் முடியாது. அவரிடம் போனைக் கொடுப்பதும் செங்கல்லைக் கொடுப்பதும் ஒன்று.

மூன்றாவது மாதம் ஒரு துறைமுகத்தில் நாலு மணி நேரம் வெளியே விட்டார்கள். மற்றவர்கள் சாப்பாட்டுக்கும் செருப்புக்கும் அலைந்தபோது, இவன் காதுக் கருவி விற்கும் கடையைத் தேடிப் பிடித்தான். கடைக்காரப் பெண்ணுக்கு இவன் பாஷை தெரியாது, இவனுக்கு அவள் பாஷை தெரியாது. காதைத் தொட்டுக் காட்டினான். அவள் இவனையே உட்கார வைத்து, காதில் எதையோ மாட்டிச் சோதித்தாள். சோதித்துவிட்டு அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினாள், கோடு சரசரவென்று கீழே இறங்கியிருந்தது. இவன் விழுந்து விழுந்து சிரித்தான். "எனக்கில்லம்மா, எங்க அப்பாவுக்கு" என்று தமிழிலேயே சொல்லி, கூன் போட்டு நடந்து காட்டி, ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தான். அதைச் சட்டைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தான்.

இங்கே ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போட்டவன் இவனேதான். முந்தைய கப்பலில் ஒரு ஃபிட்டர் இருந்தார். மனைவிக்குக் கரு கலைந்துவிட்டதென்று அவருக்கு வீட்டிலிருந்து சேதி வந்தது. நடுக்கடலில் என்ன செய்வார், நீந்தியா போவார்? மறுநாள் நினைவெல்லாம் வீட்டில் இருக்க, ஓடுகிற பம்புக்குள் கையை விட்டுவிட்டார். மூன்று விரல் போனது. அவரைத் தாங்கிப் பிடித்தவன் கப்பல்காரன். அந்தத் தடவை வீடு வந்ததும் மனைவியையும் தம்பியையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டான்.

"நான் கடல்ல இருக்கும்போது எந்தக் கெட்ட சேதியும் எனக்கு வரக் கூடாது. வீடே இடிஞ்சு விழுந்தாலும் 'நல்லா இருக்கோம்'னுதான் சொல்லணும். வந்து இறங்கினப்புறம் மொத்தமா அழுதுக்கலாம்."

சொன்னதோடு விட்டானா? மகள் தலையில் மனைவியின் கையை வைத்துச் சத்தியம் வேறு வாங்கினான். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆறாவது மாதம் முடிந்து அவன் இறங்க வேண்டும். மாற்று ஆளும் தயாராக இருந்தான். அப்போது சீஃப் எஞ்சினியர் கூப்பிட்டு, "இன்னும் மூணு மாசம் இரு. அடுத்த கப்பல்ல உன்னை ஃபிட்டராப் போடச் சொல்லி எழுதறேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்து வீட்டுக்குப் போன் போட்டான். கப்பல் இன்டர்நெட்டில் முகமெல்லாம் தெரியாது. குரல் மட்டும்தான், அதுவும் விட்டு விட்டு.

விஷயத்தைக் கேட்ட மனைவி, "இப்பவே வந்துடுங்களேன்" என்றாள்.

பன்னிரண்டு வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

"ஏன், ஏதாவது விஷயமா?"

இரண்டு விநாடி சத்தமே இல்லை. லைன் கோளாறு என்று நினைத்தான்.

"ஒண்ணும் இல்ல. சும்மாதான் கேட்டேன்."

"அப்பா?"

"நல்லா இருக்காரு. படுத்திருக்காரு."

"அப்ப மூணு மாசம் இருந்துட்டே வந்துடறேன்."

எஞ்சின் அறையில் அவனுக்கு ஒரு பேர் உண்டு. ஸ்குருட்ரைவர் நுனியை ஓடுகிற மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்தி, உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். சத்தம் காதில் விழ வேண்டியதில்லை, எலும்பு வழியாகவே வரும். கண்ட கண்ட இரும்பின் நோயையெல்லாம் கேட்டவனுக்குக் கட்டின மனைவியின் குரலில் இருந்தது கேட்கவில்லை. அதற்குப் பிறகு மகள் போன் பக்கமே வரவில்லை. கேட்டால் டியூஷன் என்றார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு டியூஷனா என்று பெருமைதான் பட்டான், முட்டாள்.

ஒன்பதாவது மாதம் ஒரு மத்தியான நேரம் வீடு வந்து சேர்ந்தான். ஷூவைக் கழற்றுவதற்கு முன்னாலேயே பெட்டியைத் திறந்து, சட்டைகளை இறைத்து, காதுக் கருவியை எடுத்தான். பக்கத்து அறைக்குப் போனான். அப்பாவின் கட்டில் மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தது. அந்த இடத்தில் மகளின் மேஜை, மேலே நோட்டுப் புத்தகங்கள். அவருடைய கண்ணாடி மட்டும் ஜன்னல் விளிம்பில் இருந்தது.

"அப்பா எங்கே? தம்பி வீட்டுக்குப் போயிருக்காரா?"

மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"என்ன?"

மறுபடி சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது.

"என்னடி முணுமுணுக்கிறே? சத்தமாத்தான் சொல்லேன்!"

"உங்க அப்பா செத்துட்டாருங்க!" என்று அவள் கத்தினாள். "ரெண்டரை மாசம் ஆச்சு!"

எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தெருவுக்கே ஏற்கெனவே தெரிந்த சேதி. தெரியாதவன் இவன் ஒருவன்தான்.

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். அவன் மகளின் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கன்னத்திலும் கை வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆத்திரம் வந்தது. அவள் மேல், தம்பி மேல், வீட்டின் மேல்.

"எப்படிடி மனசு வந்துச்சு உனக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே!"

"யார் தலையில கை வச்சு சத்தியம் வாங்கினீங்க?" அவளும் விடவில்லை. "என் பொண்ணு தலையில. நான் எப்படி மீறுவேன்? முடிஞ்ச அளவு சொன்னேனே. இப்பவே வந்துடுங்களேன்னு கேட்டேனா இல்லையா?"

கேட்டாள். அவனுக்கு அந்த இரண்டு விநாடி ஞாபகம் வந்தது.

"அன்னைக்கு..." என்றான்.

"அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியில அவர் கட்டில் பக்கத்துல நின்னுதான் பேசினேன். நெஞ்சு வலின்னு சேர்த்து நாலு நாள் ஆயிருந்துச்சு. 'அவனை வரச் சொல்லு, வரச் சொல்லு'ன்னு ஒரே பேச்சு. போன்ல நான் பேசும்போது என் வாயையே பார்த்துட்டிருந்தாரு. வச்சதும், என்ன சொன்னான்னு கையால கேட்டாரு." அவள் குரல் உடைந்தது. அவனுக்குக் கேட்க வேண்டுமே என்று உடைந்த குரலையும் உயர்த்திச் சொன்னாள். "வர்றான்னு தலையாட்டினேன். உங்ககிட்ட ஒரு பொய், அவர்கிட்ட ஒரு பொய். அப்புறம் பன்னிரண்டு நாள் வாசலையே பார்த்துட்டுக் கிடந்தாரு."

அவன் கையில் காதுக் கருவி அட்டைப் பெட்டியோடு இருந்தது. 'தப்பா பேசிட்டேன்பா' என்று தாழ்ந்த குரலில் சொன்னான். மடக்கி வைத்த கட்டிலிடம் சொன்னான். தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

சத்தம் கேட்டு உள்ளே வந்த மகள், "நான் உங்ககிட்ட சொல்லவே இல்லப்பா" என்றாள். அதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. தலையை மட்டும் தடவிக் கொடுத்தான்.

மூன்று மாதத்தில் ஃபிட்டர் வேலைக்கு ஓலை வந்தது. போகாமல் என்ன செய்வான், வேறு என்ன தெரியும் அவனுக்கு? கிளம்பும் முன் மனைவியின் கையை எடுத்து மறுபடி மகள் தலையில் வைத்தான். பழைய சத்தியம் வேண்டாம், இனி நல்லதோ கெட்டதோ உடனே சொல்லிவிட வேண்டும் என்றான். அவள் சரி என்று தலையாட்டினாள். ஆஸ்பத்திரியில் அப்பாவிடமும் இப்படித்தான் தலையாட்டியிருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியது.

கப்பல் கிளம்பிய மூன்றாம் நாள் போன் போட்டான். அப்பாவுக்கு வாங்கியதைத் தன் காதில் மாட்டிக்கொண்டிருந்தான். காது மந்தம் என்று கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் மாட்டுவான். இப்போது அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"எல்லாரும் எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கோம்."

"உண்மையாவா?"

"நல்லாத்தாங்க இருக்கோம்."

"பாப்பாவைக் கூப்பிடு."

"டியூஷன் போயிருக்கா."

அவள் சொன்னது உண்மைதான். அன்றைக்கு மகள் டியூஷனுக்குத்தான் போயிருந்தாள், வீட்டில் எல்லோரும் நல்லாத்தான் இருந்தார்கள். அவன் நம்பவில்லை.