சுவருக்கு அந்தப் பக்கம் போன மிச்சம்

கிளவுட் என்று அதற்குப் பெயர் வைத்தவனை நேரில் பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். மேகமாம் மேகம்! எங்கோ ஒரு ஊரில் எவனோ ஒரு பெரிய கட்டடம் கட்டி, அதில் வரிசையாகக் கம்ப்யூட்டர்களை ஓட விட்டிருக்கிறான். அதை நாம் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். இவ்வளவுதான் சமாச்சாரம். அவிநாசி ரோட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் அந்த வாடகையைக் கவனித்துக்கொள்வது என் வேலை. சிஸ்டம் ரூமுக்கு நான் பொறுப்பாளர், எனக்குக் கீழே ஒரே ஒருத்தி. சூலூரிலிருந்து பஸ்ஸில் வருவாள், என்னை அக்கா என்பாள்.

கம்பெனி அண்ணன் தம்பி இருவருடையது. ஒற்றுமையாக இருந்த காலத்தில், விற்கிற மோட்டார் ஒவ்வொன்றையும் செல்போனோடு கோர்த்துவிடப் போகிறோம், விவசாயி வீட்டில் படுத்துக்கொண்டே மோட்டாரைப் போடலாம் என்று குதித்தார்கள். அதற்கு நிறைய கம்ப்யூட்டர் வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்பணம் கட்டினால் பெரிய தள்ளுபடி என்று விற்க வந்தவன் சொன்னான். தள்ளுபடி என்று காதில் விழுந்தால் எங்கள் முதலாளிகளுக்கு வேறெதுவும் விழாது. மொத்தமாகக் கட்டிவிட்டார்கள்.

அப்புறம் பாகம் பிரிந்தது. எதற்காக என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. ஒரே வளாகத்துக்கு நடுவே ஹாலோ பிளாக் வைத்துச் சுவர் எழுப்பினார்கள், பூசக்கூட இல்லை. செல்போன் மோட்டார் வியாபாரம் தம்பிக்குப் போயிற்று. முன்பணம் கட்டிய கிளவுட் ஒப்பந்தம் அண்ணன் தலையில் நின்றது, அதோடு சிஸ்டம் ரூமும் நாங்கள் இருவரும். தேவை அங்கே, சரக்கு இங்கே. விருந்துக்கு எக்கச்சக்கமாகச் சமைத்துவிட்டு ஆள் வராமல் போனால், மிச்சத்தை அக்கம்பக்கமாவது கொடுக்கலாம். இதில் அதுவும் கிடையாது. இந்த மணி நேரத்துக்கு எடுத்ததை இந்த மணி நேரத்தில் உபயோகிக்காவிட்டால் போனது போனதுதான். திருப்பிக் கொடுக்க முடியாது, வெளியாளுக்கு விற்கவும் ஒப்பந்தத்தில் இடமில்லை.

ஆடிட்டர் வந்து இதைச் சுட்டிக்காட்டியதும் பெரியவர், அதாவது அண்ணன், எங்களைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, இந்த வீண் செலவை எப்படியாச்சும் மீட்டுக் குடுங்க. முடியலீன்னா சிஸ்டம் ரூமுல ஒரு ஆளைக் கொறைக்கோணுமுங்க, வேற வழியில்லீங்க."

ஒரு ஆள் என்றால் யார்? பின்னால் சேர்ந்தவள் அவள்தான். எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தவளின் முகம் செத்துப் போயிற்று. அப்போது அவள் சூலூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள், பேஸ்மட்டம் வரை வந்திருந்தது. புருஷன் விசைத்தறி ஓட்டுகிறவர், அவர் கூலியை நம்பி எந்த பேங்க் கடன் கொடுக்கும்? கொடுத்தது இவள் சம்பளச் சீட்டைப் பார்த்து. வேலை போனால் மேற்கொண்டு பணம் வராது, வாங்கியதற்கு வட்டி மட்டும் வந்துகொண்டேயிருக்கும்.

வெறி பிடித்த மாதிரி வேலை செய்தாள். ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தபடியே, "அக்கா, இங்க வந்து பாருங்கோ" என்று கத்தினாள். சாப்பாட்டை விட்டு எழுந்து போய்ப் பார்த்தேன்.

பாகம் பிரிந்தாலும் கிளவுட் கணக்கு இன்னும் ஒரே குடையின் கீழ்தான் இருந்தது, பிரிக்கிற காகித வேலையை யாரும் செய்யவில்லை. அதனால் நாங்கள் உபயோகிக்காத மிச்சமெல்லாம் தானாகவே தம்பியின் கணக்குக்குப் போய், அங்கே பில்லைக் குறைத்திருக்கிறது. அது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இனிமேல் அந்த மிச்சத்துக்குத் தம்பியிடம் பாதி விலை வாங்கினால் போதும். வெளியே முழு விலை கொடுப்பதைவிட அவருக்கு லாபம், தரையில் ஊற்றுவதைவிட எங்களுக்கு லாபம். இவ்வளவு சுலபமா என்று நாங்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பெரியவரிடம் ஓடினோம். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்படீன்னா இத்தன நாளா நம்முளுது அக்கட்டால போயிருக்குதுங்களா?"

"போச்சுங்க. ஆனா இனி காசு வாங்கிக்கலாமுங்க."

"அதை மொதல்ல அடைச்சுப்போடுங்க."

எனக்குப் புரியவில்லை. அடைத்தால் நமக்கு ஒரு பைசா மிஞ்சாது, மொத்தமும் வீண் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். புரியாத ஆள் இல்லை அவர், எல்லாம் நன்றாகவே புரிந்தது. பிறகு ரொம்பப் பெருமையாக ஒரு கதை சொன்னார். அவருடைய அய்யன் காலத்தில் தோட்டத்துக் கிணற்றில் பங்காளிக்கும் இவர்களுக்கும் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பார்களாம். ஒரு வருஷம் இவர்கள் வெள்ளாமையே வைக்கவில்லை. பங்காளியின் வாழை வாடிக்கொண்டிருந்தது. "எங்கய்யன் முறை தவறாம மோட்டாரைப் போட்டு இட்டேரீல உட்டாருங்க. அந்தத் தடம் பூராச் சேறுங்க. ஒரு சொட்டு அவங்களுக்குப் போகலீங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மனுஷன் சாப்பிடுகிற பொருள் காய்ந்து சாகிறது, இந்தப் பக்கம் தண்ணீர் வண்டித் தடத்தில் ஓடுகிறது, அதைச் சொல்வதில் ஒரு சிரிப்பு! சீ! அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடைக்கச் சொன்னார், அடைத்தேன். சம்பளக்காரி வேறென்ன செய்வாள்? திரையில் ஒரு சின்னப் பொத்தான், அவ்வளவுதான்.

மனசு ஆறாமல் மறுநாள் மத்தியானம் சுவரைச் சுற்றிக்கொண்டு தம்பியிடம் போனேன். அவராவது வந்து ஒரு விலை கேட்டால் அண்ணன் இறங்கி வருவார் என்று ஒரு நப்பாசை. உட்கார வைத்தார். ஃபேனைத் தன் கையாலேயே என் பக்கம் திருப்பி வைத்தார். மரியாதைக்கு எங்கள் ஊரில் ஒரு குறையும் கிடையாது. கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். விஷயத்தைச் சொன்னேன், அந்தப் பெண்ணின் வேலையையும் சேர்த்துச் சொன்னேன்.

"நீங்க சொல்றது ஞாயந்தானுங்க. ஆனா அவுருகிட்டப் பாதி வெலைக்கு வாங்கறதுக்கு, வெளிய முழு வெல குடுத்து வாங்கிட்டுப் போறேனுங்க."

"உங்களுக்குத்தானுங்களே நட்டம்?"

"நட்டமானா ஆகட்டுமுங்க. அவுரு கையில ஒரு ரூவா என்னுளுது போகக்கூடாதுங்க."

"அந்தப் புள்ளையை நீங்களாச்சும் வேலைக்கு எடுத்துக்குங்களேன்."

"அங்கிருந்து வாரவங்க இங்க வேண்டாமுங்க அம்மணி. நாளைக்கு ஒரு பேச்சு வந்துரும் பாருங்க."

தாராளமாக வந்துவிடும்! இரண்டு பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி உக்கடம் குளத்தில் எறியலாம் போல இருந்தது. அவ்வளவு ஒற்றுமை அவர்களுக்குள். எழுந்து வந்துவிட்டேன்.

மாசக் கடைசியில் அவளை அனுப்பினார்கள். பெரியவர் தன் அறைக்குக் கூப்பிட்டு, "நல்லா இருப்பீங்க கண்ணு, போயிட்டு வாங்க" என்றாராம். அவள் மேசையைத் துடைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டாள். பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். வீட்டு வேலையை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். "கம்பியெல்லாம் வெளிய நீட்டிட்டு நிக்குதுக்கா, துருப்புடிக்காம சாக்கு சுத்தி வெக்கோணும்" என்றாள். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன், பஸ் வந்துவிட்டது.

அடுத்த மாசப் பில் வந்தது. எடுத்துக்கொண்டு போய்ப் பெரியவர் முன்னால் வைத்தேன். அந்த ஒரு மாசத்தில் வீணாய்ப் போன தொகை மட்டும் அவள் சம்பளத்தைவிட அதிகம், அந்த வரியைச் சிவப்பில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அவர் கண் அதன் மேல் நிற்கவே இல்லை. நேராகக் கீழே, அதே குடையின் கீழ் வந்த தம்பி கணக்குக்குப் போயிற்று.

"அவனுக்கு ஏறிப்போச்சுங்களா?"

"ஏறிப்போச்சுங்க. ஏறக்குறைய ரெண்டு மடங்கு."

முகம் அப்படியே பூத்துவிட்டது. பேரன் பிறந்த செய்தி கேட்டவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பெல் அடித்து, "நல்லா ஸ்ட்ராங்கா மூணு காப்பி கொண்டாங்க. சிஸ்டம் ரூம் அம்மணிக்கு ஒண்ணு, அந்தச் சூலூர்ப் புள்ளைக்கு ஒண்ணு" என்றார்.

"அவங்களைத்தான் அனுப்பிட்டீங்களேங்க" என்றேன்.

"அட, ஆமாங்க" என்று நெற்றியைத் தட்டிக்கொண்டார். மறந்தே போயிருக்கிறார் பாவி! ஒருத்தியின் கூரையைப் பிடுங்கிவிட்டு, பிடுங்கியதையே மறந்துவிட்டார்.

சொன்னபடி மூன்று காபி வந்தது. எனக்கு வந்ததையும் அவளுக்கு வந்ததையும் இரண்டு கையில் எடுத்துக்கொண்டு, அவர் அறை மூலையில் இருந்த வாஷ்பேசினுக்குப் போய் அவர் பார்க்கப் பார்க்க ஊற்றினேன். மனுஷன் பதறிப்போய் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, ஏனுங்க! பாலு விக்கற வெலைக்கு, அத்தனையும் வீணாப் போகுதுங்களே!"

"போகட்டுமுங்க" என்றேன். "பக்கத்து ஊட்டுக்குப் போகலீங்களே."