கை தூக்கச் சொல்பவர்

கடலாமை பார்க்க வருகிறவர்களைத் தண்ணீருக்குள் கூட்டிப்போய்க் காட்டுவது அவருடைய பிழைப்பு. பதினெட்டு வருடமாக அதே கரை, அதே தகரக் கொட்டகை, அதே போட். கரையில் அவருக்கு ஆமையார் என்று பெயர். தொழிலால் மட்டும் வந்த பெயரில்லை. நடை, பேச்சு, சாப்பாடு எல்லாவற்றிலும் அப்படியொரு நிதானம். "வீடு பத்திக்கிட்டாலும் செருப்பத் தேடிப் போட்டுக்கிட்டுத்தான் வெளிய வருவாரு" என்பார் போட் ஓட்டுகிற மச்சான். மனைவியின் அண்ணன்; கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை.

அந்த நிதானம் போன வருடத்தோடு போய்விட்டது. இப்போதெல்லாம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, "கை!" என்று கத்துகிறார். குப்புற மிதந்துகொண்டிருக்கும் எல்லோரும் ஒரு கையைத் தூக்க வேண்டும். எண்ணிப் பார்ப்பார். கணக்குச் சரியாக வந்தால்தான் தலை மறுபடி தண்ணீருக்குள் போகும். இந்தக் கூத்தில், கடல்புல் மேய்ந்துகொண்டிருக்கும் ஆமை துடுப்பை ஒரு வீசு வீசி ஆழத்துக்குப் போய்விடும். வருகிறவர்கள் முகம் சுளித்தார்கள்; புகார் எழுதினார்கள். "நீ கத்துற கத்துல ஆமையெல்லாம் பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு வேற நாட்டுக்குப் போயிரும் மாப்ளே" என்றார் மச்சான். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு புகார் வந்தால் கொட்டகையிலேயே நீச்சல் மாஸ்க் கழுவிக்கொண்டு கிட என்று சொல்லிவிட்டார்.

போன வருடம் நடந்தது இதுதான்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் கொட்டகையில் ஒரு பாடம் நடத்துவது அவர் வழக்கம். "கால உதைக்காதீங்க. கைய வீசாதீங்க. கட்டை மாதிரி கிடங்க. நாம தேடிப் போனா ஆமை ஓடும். நாம சும்மா கிடந்தா அதுவே பக்கத்துல வரும்." தலையாட்டுவார்கள். தண்ணீரில் இறங்கியதும் தயிர் கடைகிற மாதிரி கலக்குவார்கள். அன்றைக்குத் தண்ணீரில் இறங்க வந்த எட்டுப் பேரில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். இடுப்பில் மிதவைப் பட்டையைக் கட்டிவிடும்போது, "முப்பது வருஷம் பிள்ளைங்கள அசையாம உக்கார வச்சவன் நான். எனக்கே பாடமா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். அவர் மனைவிக்குத் தண்ணீர் என்றால் பயம். போட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்.

வாத்தியார் சொன்னபடியே கிடந்தார். மூச்சுக்குழல் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்திருந்தன. பெரிய ஆமை ஒன்று அவருக்கு நேர் கீழே வந்து புல்லைக் கடித்தது. அப்புறம் அவர் தோளை உரசுகிற தூரத்தில் மேலே வந்து, ஒரு மூச்சு இழுத்துவிட்டு இறங்கியது. அத்தனை வருடத்தில் ஆமையார் அப்படிப் பார்த்ததில்லை. சந்தோஷம் தாங்காமல் மற்றவர்களைக் கூப்பிட்டார்: "அங்க பாருங்க! வாத்தியார் சார் மாதிரி கிடக்கணும். அதான் அவருகிட்ட வருது!"

எல்லோரும் பார்த்தார்கள். போட்டில் அவர் மனைவியும் எழுந்து நின்று போனில் படம் எடுத்தார்.

விசில் ஊதியபோது ஏழு பேர் வந்தார்கள்.

வாத்தியாரைப் போட்டில் புரட்டிப் போட்டபோது மூச்சுக்குழலின் ரப்பர் வாய் பல்லில் கடிபட்டபடியே இருந்தது. மாரடைப்பு, யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் எழுதினார். போலீஸ்காரர் கேட்டதற்கெல்லாம் ஆமையார் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வாத்தியார் மாதிரி கிடக்கணும் என்று தான் கத்தியதை மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. "கேட்டதுக்குச் சொன்ன. கேக்காதத ஏன் இழுத்துப் போட்டுக்குற?" என்றார் மச்சான். வாத்தியாரின் மனைவியிடமும் சொல்லவில்லை. மற்ற மூச்சுக்குழல்களோடு சேர்த்துத் தொட்டியில் போட மனம் வராமல், அந்த ஒன்றை மட்டும் கொட்டகையில், மாஸ்க் துடைக்கிற ஷாம்பு டப்பாக்களுக்குப் பின்னால் செருகி வைத்தார். ரப்பரில் பல் பதிந்த பள்ளம் அப்படியே இருக்கிறது.

இந்த வருடம், அதே மாதத்தில், வாத்தியாரின் மனைவி, அந்த அம்மா, தனியாக வந்து நின்றார். படிவத்தை நிரப்பி நீட்டினார்.

"தண்ணில இறங்கணும் தம்பி."

"உங்களுக்குத் தண்ணின்னா பயமாச்சேம்மா?"

"நீச்சல்குளத்துல கத்துக்கிட்டேன். சின்னப் பிள்ளைங்களோட சேர்ந்து, ஒரு வருஷமா."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. மச்சான் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு போகிற சாக்கில் காதோரம் வந்தார். "வாயத் தொறந்தேன்னா பொழப்புல மண்ணுதான். அந்தம்மா நிம்மதியும் போச்சு. புருஷன் ஆமையப் பாத்துக்கிட்டே போனாருன்னு நினைச்சுக்கிட்டு இருக்கட்டுமே." அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆமையார் குனிந்து அந்த அம்மாவின் மிதவைப் பட்டையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

அன்றைக்கும் எட்டுப் பேர். இறங்கிக் கொஞ்ச நேரத்தில், "கை!" என்றார். எட்டுக் கை. அடுத்த தடவையும் எட்டு. மூன்றாவது தடவை ஏழு.

அந்த அம்மா கை விரித்துக் குப்புறக் கிடந்தார். அசைவில்லை.

நீந்தினாரா, தண்ணீரைக் கிழித்தாரா என்று ஆமையாருக்கே தெரியாது. போய்த் தோளைப் பிடித்துப் புரட்டினார். அந்த அம்மா மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரைப் பார்த்தார். அவருக்கு மூச்சிரைக்கக்கூட இல்லை.

"நாப்பது எண்ணுறதுக்குள்ள வந்துட்டீங்க" என்றார். "அன்னைக்கு எத்தனை?"

ஆமையார் மூச்சுக்குழலை வாயிலிருந்து எடுத்தார்.

"அன்னைக்கு நான் வரலைம்மா. நல்லாக் கிடக்கிறாருன்னு நினைச்சேன். மத்தவங்களக் கூப்பிட்டு, அவர மாதிரி கிடங்கன்னு..."

"தெரியும். படகுல எனக்கும் கேட்டுச்சு."

ஒரு சின்ன அலை வந்து இருவரையும் தூக்கி இறக்கியது.

"எனக்குப் பெருமையா இருந்துச்சு தம்பி. எல்லாரும் என் வீட்டுக்காரரையே பாக்குறாங்கன்னு. பத்தொம்பது படம் எடுத்தேன். முதல் படத்துல உசுரோட இருந்தாரா, பத்தாவதுல இருந்தாரான்னு ஒரு வருஷமாப் பாத்துக்கிட்டே இருக்கேன். நீங்க பக்கத்துல இருந்தீங்களே. எதுலயாவது கை அசைஞ்சதா?"

"நான் ஆமையத்தாம்மா பாத்தேன்."

அந்த அம்மா மாஸ்க்கை மறுபடி இறக்கிக்கொண்டார். தானாகவே நீந்திப் படகுக்குப் போனார். மச்சான் பதறிக் கை கொடுத்துத் தூக்கி, என்னாச்சும்மா என்றார். "கால் இழுத்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆமையார் இருந்த இடத்திலேயே கையையும் காலையும் ஆட்டி மிதந்தார். கீழே ஆமை ஒன்று மேய்ந்துகொண்டிருந்ததாக மற்றவர்கள் பிறகு சொன்னார்கள். அவர் குனியவில்லை. நேரம் ஆனதும், "கை!" என்று கத்தினார்.

ஏழு. மறுபடி எண்ணினார், மறுபடி ஏழு. அப்புறம்தான் எட்டாவது ஆள் படகில் இருப்பது நினைவுக்கு வந்து திரும்பிப் பார்த்தார்.

அந்த அம்மா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் மடியில் கிடந்தன.