கழட்டாதவரின் கை

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் ‘கழட்டாதவர்’ என்றுதான் சொல்வார்கள். கார் மெக்கானிக்குக்கு இப்படி ஒரு பெயரா என்று கேட்பீர்கள். என்ன செய்ய, மனிதர் அப்படி. பழுதான சாமானை எடுப்பார், புதியதை வைப்பார். வழியை மறிக்கும் வேறு எதையும் தொடமாட்டார். பம்பர் அதுபாட்டுக்கு இருக்கும், எஞ்சினுக்குக் கீழே மூடியிருக்கும் அடித்தட்டு அதுபாட்டுக்கு இருக்கும். எஞ்சின் சந்துக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரலாலேயே நட்டைத் தேடுவார். “கழட்டி மாட்ட எவனாலயும் முடியும்” என்பது அவர் பேச்சு. இவரிடம் கழன்றிருப்பது ஒரே ஒரு மறைதான், அதுவும் வண்டியில் இல்லை என்று நானும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

எதிர்வீட்டில் என் அக்கா. அவள் வீட்டுக்காரரும் மெக்கானிக், இவருக்குச் சகலை. குணத்தில் நேர் எதிர். ஹாரன் அடிக்கவில்லை என்று வண்டியை விட்டால் டேஷ்போர்டு வரைக்கும் பிரித்து மேய்ந்துவிடுவார். திருப்பி மாட்டும்போது நாலு ஸ்க்ரூ மிச்சம் இருக்கும். “கம்பெனிக்காரன் அதிகமா போட்டிருக்கான்” என்பார். இரண்டு பேரும் வீட்டு வாசலிலேயே பட்டறை வைத்திருந்தார்கள். முகம் கொடுத்துப் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

வாசலில் பட்டறை என்றால் வீடு என்ன கதியாகும்? என் சமையலறைத் தொட்டியில் பாத்திரத்துக்கு இடமில்லை, பிஸ்டன் ஊறிக்கொண்டிருக்கும். அக்காவின் கட்டிலுக்கு அடியில் இரண்டு கியர்பாக்ஸ். அப்பாவுக்கு மெயின் ரோட்டில் ஒரு ஷெட் சும்மா கிடந்தது. அது கிடைத்தால்தான் வீடு வீடாக இருக்கும் என்று நானும் அக்காவும் தனித்தனியாகப் போய் அவரை நச்சரித்துக்கொண்டிருந்தோம்.

அப்பா லேசுப்பட்ட ஆளா? அவருடைய குட்டிக் காரில் கூடுதலாக நாலு விளக்கு, இரண்டு ஹாரன், தெருவே அதிரும் பாட்டுப்பெட்டி. பேட்டரி தாங்குமா? அடிக்கடி படுத்துவிடும். அதற்கு மின்சாரம் ஊட்ட ஒரு பெரிய டைனமோ வாங்கிவந்தார். கம்பெனிச் சாமான் இல்லை, வெளிக் கடையில் வாங்கியது, பழையதைவிட இரண்டு விரற்கடை பெரியது. அந்த வண்டியின் எஞ்சினைச் சுற்றியோ எலி நுழையவும் இடம் கிடையாது.

“ஆளுக்கு ஒரு நாள் மாப்பிள்ளைங்களா. சாயங்காலம் நாலு மணிக்கு வருவேன். மாட்டினவங்களுக்கு ஷெட்டு. ரெண்டு பேரும் கோட்டை விட்டீங்கன்னா டயர்க் கடைக்காரருக்குக் கொடுத்துடுவேன்” என்றார்.

முதல் நாள் சகலையின் முறை. முன்பக்கத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வாசல் முழுக்கப் பரப்பினார். நாலு மணிக்கு வந்த அப்பா, “என் வண்டி எங்கே?” என்று கேட்க வேண்டியதாயிற்று. சகலை பழைய டைனமோவையே திருப்பி மாட்டி அனுப்பினார்.

மறுநாள் எங்கள் முறை. இவர் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். பழையதை எடுத்துவிட்டு, புதியதை இப்படித் திருப்பி அப்படிச் சாய்த்து, மத்தியானத்துக்குள் அதன் இடத்தில் உட்காரவைத்துவிட்டார். உள்ளதைச் சொல்ல வேண்டும், எனக்கே பெருமையாக இருந்தது. மிச்சம் இருந்தது பின்பக்கம் ஒரு போல்ட்டும் அதற்கு ஒரு நட்டும்தான். கையை விட்டார். மூன்று மணிக்கு நான் டீ கொண்டுபோனேன். கை இன்னும் உள்ளேயே இருந்தது.

“என்னங்க, முடிஞ்சுதா?”

“முடிஞ்ச மாதிரிதான்.”

“அப்போ கையை எடுக்க வேண்டியதுதானே?”

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “வரமாட்டேங்குது.”

குனிந்து பார்த்தேன். விரித்த கை நுழைந்த சந்தில் மூடிய கை எப்படித் திரும்பி வரும்? உள்ளங்கையில் நட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

“நட்டை விடுங்க, கை தானா வரும்.”

“விட்டா அடித்தட்டுல விழுந்துடும்.”

“விழட்டுமே!”

“அப்புறம் தட்டைக் கழட்டணும்.”

“கழட்டுங்களேன்!”

“இருபது வருஷமா கழட்டாதவன்டி நான்!”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டீயை அங்கேயே கொட்டியிருப்பேன். எதிரே சகலை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். இவரிடம் பேசமாட்டாரே, அதனால் காற்றைப் பார்த்துச் சொன்னார்: “சில பேருக்கு ஷெட்டு கிடைக்கலைன்னாலும் எஞ்சினுக்குள்ள ஒண்டிக்க இடம் கிடைச்சிருச்சு!”

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று தெருவைத் தாண்டி அக்கா வீட்டுக்குள் போனேன்.

“அக்கா, ஷெட்டு டயர்க் கடைக்காரருக்குப் போகப்போகுது.”

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். “பாதிப் பாதியா?”

“பாதிப் பாதி.”

முடியை அள்ளி முடிந்துகொண்டு வந்துவிட்டாள். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடு, பதினாலாம் நம்பரைக் கொடு என்று எங்களை வருஷக்கணக்காக ஏவின இரண்டு பேரும், கொடுத்த கையோடு நாங்கள் நின்று வேலையையும் பார்த்துப் பழகிக்கொண்டோம் என்பதை மறந்துவிட்டார்கள்.

அக்கா வண்டிக்கு அடியில் மல்லாந்து சறுக்கிக்கொண்டு போய் அடித்தட்டில் ஸ்பேனரை வைத்தாள். எட்டு போல்ட். ஒவ்வொன்றுக்கும் இவர் பல்லைப் பிடுங்குவதுபோல முனகினார். தட்டு கீழே வந்தது.

“இப்போ கையை விரிங்க” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

“பார்த்து, பார்த்து…”

நட்டு அக்காவின் கைக்குப் போயிற்று. இவர் கை வெளியே வந்தது. மணிக்கட்டு கன்றிச் சிவந்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் நான் காட்டிக்கொள்ளவில்லை. அக்கா கீழிருந்து நட்டைப் பிடித்துக்கொள்ள, நான் மேலிருந்து போல்ட்டைத் திருகினேன். ஒருவர் இரண்டு பக்கமும் எட்ட முடியாத வேலை, இரண்டு பேர் நின்றால் சுளுவாக முடிந்தது. இதற்குள் சகலையும் தெருவைத் தாண்டி வந்துவிட்டார். இவர் இறுக்கு என்றார், அவர் தளர்த்து என்றார்.

“ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு நில்லுங்க!” என்று அக்கா அடியிலிருந்தே அதட்டினாள்.

பெல்ட்டை இழுத்து மாட்டி, தட்டையும் ஏற்றினோம். சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரே உறுமலில் எடுத்தது. நாலு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. மணி நாலு. நிமிர்ந்து பார்த்தால் அப்பா நின்றிருந்தார்.

“பலே! எந்த மாப்பிள்ளை மாட்டினது?”

சகலை தரையைப் பார்த்தார். இவர் வாயைத் திறந்தார். ‘நான்தான்’ என்று இவர் சொன்னால் அப்பா அப்படியே நம்பிவிடுவார், முழு ஷெட்டும் எங்களுக்குத்தான். அடியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த அக்கா, முகமெல்லாம் கிரீஸோடு என்னையே பார்த்தாள். அவள் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை.

“நாங்க யாரும் மாட்டலை மாமா. உங்க பொண்ணுங்கதான் மாட்டினாங்க” என்றார் இவர்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் இவரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. அப்பா எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஷெட் சாவியை அக்காவின் அழுக்குக் கையில் வைத்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே இரண்டு மெக்கானிக்குகளும் டூல் பெட்டியோடு ஷெட் வாசலில் போய் நின்றுவிட்டார்கள். நானும் அக்காவும் நிதானமாகக் குளித்து, சாப்பிட்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்கா ஷட்டரைத் தூக்கினாள். இவர் ஒரு காலை எடுத்து வைத்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு பின்வாங்கினார்.

“உள்ள வரலாமா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா என்னைப் பார்த்தாள்.

“யோசிச்சு சொல்றோம்” என்றேன்.