தலையைத் தூக்காத அடி

தேங்காய்ப்பட்டணத்து நஜ்முதீனுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். ஒரு கோல்ஃப் பந்தையாவது நேராக அடித்து, அது போவதைக் கண்ணாரப் பார்த்துவிட வேண்டும். சிரிக்க வேண்டாம். சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர முடியாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று நாகர்கோவில் டாக்டர் சொல்லிவிட்டார்.

துபாயில் கோல்ஃப் மைதானம் ஒன்றில் புல்வெட்டும் வண்டி ஓட்டியவர் அவர். விடியற்காலையில், பணக்காரர்கள் வருவதற்கு முன் வேலையாட்கள் கொஞ்சம் அடித்துப் பார்ப்பதை மேலாளர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். அடிக்கச் சொல்லிக்கொடுத்தது கூட வேலைபார்த்த மார்த்தாண்டத்து அனில்குமார். அவரைக் காக்கா என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

"காக்கா, இது மம்பட்டி இல்ல. இப்பிடி இறுக்கினா கைதான் நோவும். பைய பிடிங்கோ. தோளத் திருப்புங்கோ. கீழ வரும்ப முதல்ல இடுப்பு வரணும், கை பொறவு வந்தா போரும்."

மம்பட்டிப் பிடி போக நாளாயிற்று. ஆனாலும் போனது. தோள் திரும்பியது, இடுப்பும் ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்டது. தலை மட்டும் கேட்கவில்லை. மட்டை பந்தைத் தொடுவதற்குள், அது எங்கே போகிறதென்று பார்க்க எழுந்துவிடும். தலை எழுந்தால் கூடவே தோளும் எழும். மட்டை பந்தின் உச்சியை உரசும், பந்து புல்லில் உருண்டு பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும்.

"தலையத் தூக்காதீங்கோ காக்கா. எங்க போவுதுன்னு நான் பாத்துச் சொல்லுதேன்."

"நீ சொல்லி நான் என்னத்துக்குலே கேக்கணும்? எனக்குக் கண்ணில்லையா?"

அதுதான் நஜ்முதீன். யார் சொன்னாலும் போதாது, தானே பார்த்தாக வேண்டும். ஊரில் வீடு கட்டியபோது சுவர் நேராக இருக்கிறதென்று மனைவி சபூரா வீடியோ காலில் சொன்னால், "போனத் திருப்பிக் காட்டு" என்பார். மகள் முப்ஷிராவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றால் தெர்மாமீட்டரைக் காட்ட வேண்டும். மீன் வாங்கினால் செவுளைக் காட்ட வேண்டும். "இவரு என்னையக் கெட்டல்ல, போனைத்தான் கெட்டினாரு" என்று தன் தங்கை ரஸீனாவிடம் சொல்லிச் சிரிப்பாள் சபூரா. பிறகு பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுபோயிற்று. இவ்வளவு பார்த்த மனிதர், கம்பெனி சும்மா செய்துகொடுத்த கண் பரிசோதனைக்கு மட்டும் போகவில்லை. தனக்கு நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டார்.

ஊருக்கு வந்தபின் ஒரு பழைய மட்டையோடு வீட்டுக்குப் பின்னாலுள்ள தென்னை விளையில் இறங்கினார். சபூரா முனகிக்கொண்டே பந்தை எடுத்து வைப்பாள். அடித்த பந்தெல்லாம் ஏதாவதொரு தென்னையில் 'டொக்'கென்று மோதும். நாளாக ஆகத் தென்னைகளே பச்சை மூட்டமாகிவிட்டன. தலையைத் தூக்கினாலும் பார்க்க ஒன்றுமில்லை என்று ஆனபின், தலை தானாகவே அடங்கிவிட்டது. இதை என்னவென்று சொல்வது?

ஒருநாள் காலையில் காலடியில் வெள்ளையாகத் தெரிந்த பந்தைப் பார்த்தபடி பைய மட்டையைச் சுழற்றினார். கையில் அதிர்வே இல்லை. 'டொக்' சத்தமும் வரவில்லை. இத்தனை வருடம் காத்திருந்த அடி இதுதான் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தார். மூட்டம்தான் தெரிந்தது.

"ஏட்டி, எங்க போச்சு?"

"நேரா போச்சு."

"உள்ளதத்தான் சொல்லுதியா? நீ நல்லா பாத்தியா?"

அடுத்த பந்தை எடுக்கக் குனிந்திருந்த சபூரா நிமிர்ந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"நான் சொன்னா நீங்க என்னைக்கு நம்பினிய? உங்க உம்மாக்குத் தீரே முடியல்ல, வாங்கோன்னு சொன்னேன். அன்னைக்கும் போனத்தான் திருப்பச் சொன்னிய."

நஜ்முதீனுக்கு மட்டை கனத்தது. அன்று மகன் முகத்தைத் திரையில் கண்டதும், எழ மாட்டாத உம்மா எழுந்து உட்கார்ந்து சிரித்துவிட்டார். "நல்லாத்தானே இருக்காவ" என்று இவர் லீவைத் தள்ளிப்போட்டார். அந்த வாரமே உம்மா கண்ணை மூடி மவுத்தானார். மய்யித்தை அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு போனதையும் இவர் போனில்தான் பார்த்தார். கட்டிலருகே இரவும் பகலும் இருந்தவள் சொன்னதை விட்டுவிட்டு, உள்ளங்கையளவு கண்ணாடியில் தெரிந்ததை நம்பிவிட்டோமே என்று நினைத்தார். அழுதார். மறைக்கவும் தோன்றவில்லை.

"ஒன்ன நம்பியிருக்கணும் சபூரா. வந்திருக்கணும்."

அவள் வந்து மட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இப்ப நம்புதியளா?"

"நம்புதேன்."

"அப்போ கேட்டுக்கிடுங்கோ. நேராத்தான் போச்சு. கடைசித் தெங்கையும் தாண்டிப் போச்சு."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை.