மூத்திரத்துணிக்காக நின்ற பாசஞ்சர்

ஈரத்துணி, விறகுப் புகை, கொஞ்சம் பால் கவிச்சி... மூன்றும் கலந்த ஒரு வாசனை. ஐப்பசி மழை என்றாலே இன்றும் எனக்கு அதுதான் மூக்கில் ஏறும்.

அறுபதுகளின் தொடக்கம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் லைனில், விக்கிரவாண்டி தாண்டி ஒரு ரயில்வே கேட். அப்பா அங்கே கேட் கீப்பர். கேட்டை ஒட்டி எங்களுக்கு ஓர் அறையும் அடுப்படியும். எனக்கு ஒன்பது வயது. தம்பி பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது... மழை பிடித்துக்கொண்டது.

டயப்பர் என்ற சொல்லையே நாங்கள் கேட்டதில்லை. மூத்திரத்துணிதான். அப்பாவின் பழைய வேட்டி இரண்டு, அம்மாவின் நைந்த புடவை ஒன்று. கிழித்ததில் பதினைந்து துண்டு தேறியது. பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, பழசுதான் ராசி என்பார்கள் எங்கள் பக்கம். புதுசு வாங்க வழியில்லாதவர்களுக்கு எவ்வளவு தோதான சாஸ்திரம் பாருங்கள்!

வெயில் இருந்தவரை பதினைந்து போதும். மழையில் ஒன்றுகூடக் காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டோம். தம்பிக்கு அதெல்லாம் கவலையா? அவன் பாட்டுக்கு நனைத்துக்கொண்டே இருந்தான். அரைகுறையாகக் காய்ந்ததை அம்மா தன் இடுப்பில் செருகிக்கொண்டு, உடம்புச் சூட்டில் காயவைத்து அவனுக்குக் கட்டுவாள். அப்படியும் அவன் தொடையெல்லாம் சிவந்து புண்ணாகிவிட்டது.

அப்பாவின் பெட்டியில் ஒரு பழைய கொடி கிடந்தது. ரயிலுக்குக் காட்டும் சிவப்புக் கொடி. ஓரம் கிழிந்திருந்தது, சாயம் மட்டும் போகவில்லை. அம்மா அதைக் கம்பிலிருந்து உருவி, அலசி, தம்பிக்குப் பதினாறாவது துணியாக்கிவிட்டாள்.

"இத்த மட்டும் வெளியில போடாதடி. உள்ளயே காயட்டும்" என்று என்னிடம் சொல்லியும் இருந்தாள்.

சொன்னதைக் கேட்டிருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்...

ஒரு காலை பளிச்சென்று வெயில். ஐந்து நாளைக்குப் பிறகு வந்த வெயில்! அம்மா தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான் எல்லாத் துணியையும் வாரிக்கொண்டு ஓடினேன். லைன் ஓரத்து வேலியில் நல்ல காற்று. வரிசையாகப் போட்டேன். சிவப்பையும்தான்.

விழுப்புரத்திலிருந்து காலை பாசஞ்சர் வந்தது. அப்பா விறைப்பாக நின்று பச்சைக் கொடி காட்டுகிறார். பத்தடி தள்ளி வேலியில் சிவப்பு படபடக்கிறது. கிறீச்சென்று பிரேக் போட்டு, புஸ்ஸென்று ஆவி விட்டு, அத்தனை பெரிய வண்டி எங்கள் வீட்டு வாசலில் நின்றுவிட்டது. ஜன்னலெல்லாம் தலைகள்.

டிரைவர் இறங்கி வந்தார். முகமெல்லாம் கரி.

"இன்னாய்யா இது? கையில பச்ச காட்டிக்கினு வேலியில சேப்பு கட்டி வச்சிக்கிற?"

அப்பா துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வண்டியைக் காரணமில்லாமல் நிறுத்தினால் வேலை போய்விடும் என்று எனக்கே தெரியும். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

அம்மா ஈரக் குழந்தையோடு ஓடி வந்தாள். "அவரு மேல தப்பில்லண்ணா. கொயந்த துணி. மழயில ஒண்ணும் காயல. பொண்ணு தெரியாம போட்டுடுச்சி" என்று சொல்லி, தம்பியின் தொடையைத் திருப்பிக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார்.

"மொதல்ல அந்த சேப்ப எடுத்து உள்ள போடும்மா" என்றார். ஏறினார், விசில் கொடுத்தார், போய்விட்டார்.

அன்று முழுக்க அப்பா சாப்பிடவில்லை. லைனில் அதிகாரிகள் வரும் ட்ராலிச் சத்தம் கேட்டாலும் விசாரிக்க ஆள் வருகிறது என்று எழுந்து நின்றார்.

மறுநாள் அதே பாசஞ்சர் கேட் அருகே வேகம் குறைந்தது. எஞ்சினிலிருந்து ஒரு மூட்டை பொத்தென்று விழுந்தது. கரிக் கை ஒன்று ஆடியது. அப்பா கிட்டே போகவே பயந்தார். அம்மாதான் பிரித்தாள். எல்லாம் துணி. துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன வேட்டிகளும் புடவைகளும். எங்களைப் போலக் கையால் கிழித்ததில்லை. கத்தரியால் ஒரே அளவாக வெட்டியிருந்தது. விழுப்புரத்தில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்து பொறுமையாக வெட்டியிருக்கிறாள். அம்மா அதில் ஒன்றை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஒரே வாரத்தில் தம்பியின் புண் ஆறிவிட்டது.

இப்போது திண்டிவனத்தில் என் பேத்தி தன் குழந்தைக்கு டயப்பர் போடுகிறாள். அந்தக் காலம்போல வருமா என்று நான் வாயைத் திறக்கமாட்டேன். துணி துவைக்கும் சோடா உப்பில் வெடித்த அம்மாவின் கையைப் பார்த்தவள் நான். அந்த ஐப்பசியில் ஒரு பாக்கெட் கிடைத்திருந்தால் அம்மா கொஞ்சம் தூங்கியிருப்பாள். ஆனால் எதிர் வீட்டுக்குக் குடிவந்த பெண், கடையில் டயப்பரை ஒன்றிரண்டாக வாங்கி, காலையில் போட்டதை மாலை வரை கழற்றாமல் வைத்திருந்தாள். வீணாகிவிடுமே என்றுதான். அந்தக் குழந்தைக்கும் தொடையில் அதே சிவப்பு. என் பழைய பருத்திப் புடவை இரண்டை வெட்டிக் கொடுத்தேன். கூச்சப்படுவாளோ என்று நினைத்தேன்... ஆசையாக வாங்கிக்கொண்டாள்.

தம்பிக்கு அறுபது தாண்டிவிட்டது. போன மாதம் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். அப்புறம், "அந்த டிரைவர் பேரு இன்னாக்கா?" என்றான்.

தெரியாது. மேலதிகாரிக்குப் புகார் எழுதிப் போடுகிறவர்கள் முதலில் பேரைத்தான் கேட்பார்கள். அவர் அப்பாவின் பேரைக் கேட்கவே இல்லை. அந்தப் பயத்தில் அப்பாவும் அவர் பேரைக் கேட்காமல் விட்டுவிட்டார்.

அப்பா அதே கேட்டில் வேலை பார்த்துத்தான் ரிட்டையர் ஆனார். எங்களை வளர்த்தது அந்தச் சம்பளம். நன்றி சொல்ல ஒரு பேர்கூட இல்லை எங்களிடம்.