செத்தவன் தேத்தண்ணீர் குடித்த படம்

எனக்கு எண்பத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐவரும் நன்றாகப் படித்தவர்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் படம் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் மெல்பேணில் தமிழ்ப்படம் பார்ப்பதென்றால், கிளேட்டன் பக்கம் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். சிட்னியில் ஓட்டி முடித்த சுருள்கள் தகர டப்பாக்களில் ரயிலில் வரும். இவருக்கு, என் கணவருக்கு, தொழிற்சாலையில் வேலை. படம் ஓட்டும் மெசின் தெரிந்தவர் என்பதால் ஞாயிறு பின்னேரங்களில் டாக்குத்தர்மாரும் எஞ்சினியர்மாரும் இவரைத் தேடி வந்து கதைப்பார்கள். அந்த மரியாதை இவருக்குப் பெரிது. நான் சொல்லப்போகும் ஞாயிறுக்கு முந்தின தடவை சுருள் அறுந்து சனம் கூக்காட்டியிருந்தது. இன்னொரு முறை பிழை வந்தால் மெசின் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

அன்று ஒரு கொலைப்படம். நான் இடைவேளைக்குப் பொரித்த ரோல்ஸ் பலகாரத் தட்டோடு மெசினுக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் சுருளில் ஒரு பணக்காரர் சுடப்பட்டார். இரண்டாவதில் அவருடைய வேலைக்காரன் நஞ்சு குடித்துச் செத்தான். மூன்றாவது தொடங்கியதும் அதே வேலைக்காரன் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தான்.

சனம் முணுமுணுத்தது. கடைசி வரிசையில் இருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், இது பிளாஷ்பேக் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கினார். அது வாய்க்கு வாய் முன்னுக்குப் போக, எல்லோரும் அமைதியானார்கள்.

எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பழைய கதைக்குப் போகும்போது படமே நமக்குச் சொல்லிவிடும். சாட்சி சொல்பவரின் முகம் கிட்ட வரும், கண் எங்கோ நிலைக்கும், திரை தண்ணீர் மாதிரி அலையும். யாருடைய ஞாபகம் என்று தெரியாமல் உள்ளே கூட்டிப்போக மாட்டார்கள். ஏனென்றால் சாட்சி பொய்யும் சொல்லலாம். அந்தப் பொய்யையும் படமாகக் காட்டிவிட்டுக் கடைசியில்தான் உடைப்பார்கள். சொன்னவர் யார் என்று தெரிந்தால்தானே சந்தேகப்படலாம்? இங்கே ஒருவரும் எதையும் நினைக்கவில்லை. அவன் சும்மா வந்து தேத்தண்ணீர் குடிக்கிறான்.

இவரின் காதில், "இஞ்சேருங்கோ, சுருள் மாறிப்போச்சு. நிப்பாட்டுங்கோ" என்றேன்.

இவர் அசையவில்லை. மாணவருக்குக் கேட்டுவிட்டது. "அன்ரி, இது புதுப் பாணி. வெள்ளைக்காரர் இப்பிடித்தான் எடுக்கினம். பொறுமையாப் பாருங்கோ, விளங்கும்."

"வெள்ளைக்காரர் செத்தவனுக்கும் தேத்தண்ணி குடுக்கினமோ, தம்பி?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். மறைக்காமல் தள்ளி நிற்கச் சொன்னார் ஒரு டாக்குத்தரின் மனைவி. இவர் கண்ணாலேயே என்னை அடக்கினார். லைட்டைப் போட்டுச் சுருளை மாற்றினால் பிழை இவருடையதாகிவிடும். என் சொல்லை நம்பி நிறுத்தி, நான் பிழையென்றால் இன்னும் வெட்கம். தட்டை வைத்துவிட்டு வெளியே போனேன், திரும்ப வந்தேன், திரும்பவும் போனேன்.

படம் முடிந்ததும் சனம் கைதட்டியது. முன்னுக்குப் பின்னாகக் கதை சொன்ன டைரக்டரின் கெட்டித்தனத்தை மாணவர் வாசலில் நின்று விளக்கினார். இவரின் கையையும் பிடித்துக் குலுக்கினார்கள்.

மண்டபம் காலியானதும் சுருள்களைத் திரும்பச் சுற்றினோம். தொடக்கத்தில் கீறியிருக்கும் இலக்கத்தை இவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டாம் டப்பாவுக்குள் மூன்றாம் சுருள், மூன்றாம் டப்பாவுக்குள் இரண்டாம் சுருள். சிட்னியில் மாறி வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"நீர் சொன்னதுதான் சரி" என்றார். சுருள்களைச் சரியான டப்பாக்களில் மாற்றி வைத்தபடி, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். சனம் சந்தோசமாப் போட்டுது" என்றார். 

சொல்லவில்லை. அந்த மாணவர் பிறகு பேராசிரியரானார். கலியாண வீடுகளில் அவர் அந்தப் படத்தை எடுத்துப் பேசும்போதெல்லாம் நான் கதிரையில் நெளிந்துகொண்டிருந்தேன். இவர் போய் ஒன்பது வருடம். மெசினும் இல்லை, பறிக்க ஆளும் இல்லை. இனியும் மூடி வைக்க எனக்கு ஏலாது.

எழுதி முடித்துப் பேத்தியைக் கூப்பிட்டேன். "இதை எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு, பிள்ளை. நான் சொன்னதுதான் சரி எண்டு உன்ர அப்பப்பா சொன்ன இடத்தை ரெண்டு தரம் வாசி."