தொடையில் எழுதிய பிறை

மாட்டுக்கொட்டகைச் சுவர்களில் படம் எழுதிப் பிழைத்த அவரை எல்லோரும் ஏணிக்காரர் என்றே அழைத்தனர். ஏணியின் அடியைப் பிடித்துக்கொள்வது அவர் மனைவியின் வேலை. மாட்டை எதிரில் கட்டி, கண்ணில் படுவதை ஒன்று விடாமல் எழுதுவது அவர் வழக்கம். அந்த வழக்கம் ஒருநாள் அவர் தோளை முறித்தது.

புதுக் கொட்டகை கட்டிய பண்ணைக்காரர், சாலையோரச் சுவரில் தம் கறுப்புக் காளையை எழுதச் சொன்னார்.

"பாக்குறவன் பயந்து ரெண்டடி பின்னால போகணும்."

"அதுக்கு இவரே வாசல்ல நின்னாப் போதுமே," என்று மனைவி முணுமுணுத்தாள்.

பண்ணைக்காரர் சந்தைக்குப் போய்விட்டார். காளையின் தொடையில் வட்டத்துக்குள் ஒரு பிறை, அடையாளத்துக்கு வைத்த பழைய சூடு. அதை மறைக்க இழுத்த கோணல் சூடு அதன்மேல். முடி மூடியிருந்ததால் கிட்டப் போனால்தான் தெரியும். ஏணிக்காரர் இரண்டையும் முறம் அளவுக்கு எழுதிவைத்தார்.

பண்ணைக்காரர் திரும்பியபோது, பக்கத்துப் பண்ணையை நடத்தும் அவருடைய மைத்துனர் கையில் இரும்புக் கம்பியுடன் சுவரெதிரே நின்றிருந்தார். போன ஆண்டு காணாமற்போன தம் காளையைப் பண்ணைக்காரரையும் கூட்டிக்கொண்டு தேடி அலைந்தவர் அவர்.

"மச்சான், என் பிறை உங்க மாட்டுல என்ன பண்ணுது?"

"படக்காரன் கிறுக்கிட்டான் மாப்ள."

"மாட்டையும் தடவிப் பாத்துட்டேன்."

கம்பி பண்ணைக்காரரின் முழங்காலில் இறங்கியது. விழுந்தவர் பக்கத்தில் கிடந்த மண்வெட்டியோடு எழுந்து, காம்பால் மைத்துனரின் வாயில் இடித்தார். இரண்டு பற்கள் மண்ணில் விழுந்தன. பிறகு நொண்டிக்கொண்டே ஏணிக்கு வந்தார்.

"அழிடா அதை."

"ஈரத்துல அழிச்சா அசிங்கமாயிடுங்க," என்றார் மேலே நின்ற ஏணிக்காரர். அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

முதல் வெட்டில் ஏணிக்கால் பிளந்தது. அடுத்த வெட்டு மனைவியின் விரலைச் சீவியது. அவள் பிடியை விடவில்லை. மூன்றாவதில் ஏணி முறிந்தது. கீழே விழுந்தவரின் தோளெலும்பு மளுக்கென்றது.

"இனி நீ எழுதினாத்தானே," என்று பண்ணைக்காரர் அவருடைய வலக்கையைக் காலால் மிதித்து, மண்வெட்டியை ஓங்கினார்.

மனைவி கறுப்பு வண்ண டின்னைப் பண்ணைக்காரர் முகத்தில் வீசியடித்தாள். புருவம் கிழிந்து, வண்ணமும் இரத்தமும் சேர்ந்து வழிந்தன. கண் தெரியாமல் அவர் மண்வெட்டியைச் சுழற்ற, மைத்துனரின் கம்பி அவருடைய மணிக்கட்டை உடைத்தது.

காளை மைத்துனரின் பண்ணைக்குத் திரும்பியது. ஏணிக்காரரின் தோள் கோணலாகக் கூடியது. கை முன்போல உயராததால் இன்னும் ஒரு படி மேலே ஏறி எழுதுகிறார். மனைவி ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொள்கிறாள். மறு கையில் கைக்கோடரி.

வண்ணம் குழைக்கும் முன்பே அவள் பண்ணைக்காரர்களைக் கேட்டுவிடுகிறாள்: "மாடு உங்களுதுதானே? இப்பவே சொல்லிடுங்க. இவரு உள்ளதத்தான் எழுதுவாரு."